சங்கிலி கழன்றால் போதுமா?

(தஞ்சை ஜில்லாவில் ஒரு கிராமப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



மனநோய்க்காக ஆஸ்பத்திரிகளிலும் விடுதிகளிலும் வருஷக்கணக்காக அடைபட்டுக் கிடக்கிறவர்களை வெளியே கொண்டுவந்து, ஊருக்குள் நம்மோடு வாழவைக்கிற காரியத்தைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். இதைச் சொன்னவுடன், "இது டாக்டர்கள் பேசவேண்டிய விஷயமல்லவா? நமது மேடையில் இதற்கு என்ன வேலை?" என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

ஒரு குற்றமும் செய்யாத மனிதனை, அவனை யாரும் வேண்டாமென்கிறார்கள் என்கிற ஒரே காரணத்துக்காகப் பத்து வருஷம், இருபது வருஷம் மதில் சுவருக்குள் வைத்திருப்பது மனிதனின் மானத்தைப் பற்றிய விஷயமா, மருந்தைப் பற்றிய விஷயமா? கொலை செய்தவனுக்குக் கூட "இத்தனை வருஷம்" என்று கணக்குச் சொல்லி உள்ளே அனுப்புகிறார்கள். இவர்களுக்கு அந்தக் கணக்கும் கிடையாது. ஆகவே இது நமது மேடைக்கு உரிய விஷயந்தான்.

நான் கல்லூரியில் படித்தவனல்ல, டாக்டருமல்ல. சட்டத்தையும் ஆராய்ச்சி விவரங்களையும் படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் புரிந்துகொண்டதைச் சொல்லுகிறேன். உங்கள் புத்தியில் உரசிப் பார்த்து, மாற்றுக் குறைந்தால் தள்ளிவிடுங்கள்.

வார்த்தையிலிருந்தே தொடங்குவோம்

"பைத்தியம்" என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறோம். காய்ச்சல் வந்தவனைக் "காய்ச்சல்காரப் பயல்" என்று யாரும் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவதில்லை. சர்க்கரை வியாதிக்காரன் பெண் கேட்டுப் போனால், தெருவில் பையன்கள் கல்லெடுத்து எறிவதில்லை. மூளைக்கும் மனத்துக்கும் வந்த நோய்க்கு மாத்திரம் நோயே மனிதனின் பேராகிவிடுகிறது. ஜாதிப் பேரைச் சொல்லி மனிதனை இழிவு செய்வதை எதிர்த்து நிற்கும் நாம், நோயின் பேரைச் சொல்லி இழிவு செய்வதை நம் வாயிலிருந்து முதலில் எடுத்துவிட வேண்டும்.

இந்த இழிவு எங்கிருந்து வந்தது? பேய் பிடித்தது என்றார்கள், செய்வினை என்றார்கள், முன்ஜென்ம வினை என்றார்கள். காவேரிக் கரையில் குணசீலம் கோயிலில் 48 நாள் தங்கவைத்துத் தீர்த்தம் தெளித்தால் தீரும் என்று கொண்டுபோய் விட்டார்கள். இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடி தர்காவில் எண்ணெயும் தண்ணீரும் தீர்க்கும் என்று கொண்டுபோய் விட்டார்கள். இதில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்கிற பேதமே கிடையாது. மற்ற எல்லாவற்றிலும் சண்டை போட்டுக்கொள்ளும் மதக்காரர்கள் இதில் மாத்திரம் ஒன்றாயிருந்தார்கள்!

அதன் முடிவு என்ன ஆயிற்று? 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி, பொழுது விடியுமுன், ஏர்வாடியில் தனியார் நடத்திய ஒரு விடுதியின் கூரைக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் ஓடமுடியவில்லை. ஏன்? காலில் சங்கிலி. 28 பேர் மாண்டார்கள். நெருப்புக்குப் பயந்து ஓடுவதற்கு எந்தப் புத்தியும் வேண்டியதில்லை. ஆடு மாடு கூட ஓடும். அந்த 28 பேரையும் ஓடவிடாமல் பிடித்து வைத்திருந்தது நோய் அல்ல, இரும்பு. அந்த இரும்பைப் பூட்டியவர்கள் ஈவிரக்கமில்லாத அரக்கர்களா என்றால் அப்படியுமல்ல. வேறு வழி தெரியாத குடும்பங்களும், அதைப் பிழைப்பாக்கிக்கொண்ட விடுதிக்காரர்களும், கண்டும் காணாத சமுதாயமுமாகச் சேர்ந்து பூட்டியது அது.

அந்த மாதமே அப்படிப்பட்ட விடுதிகளைச் சர்க்கார் மூடிற்று. 500 பேருக்கு மேல் சர்க்கார் பராமரிப்புக்கு வந்தார்கள். சுப்ரீம் கோர்ட்டு தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. எல்லோரும் "சங்கிலி கழன்றது" என்று சந்தோஷப்பட்டோம். சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் என்னுடைய கேள்வி அதற்குப் பிறகு ஆரம்பிக்கிறது. சங்கிலி கழன்றால் போதுமா? கழன்ற மனிதன் எங்கே போனான்? என்ன சாப்பிட்டான்? யாரோடு பேசினான்?

சட்டம் என்ன சொல்லுகிறது?

சென்னையில் 1794-லேயே இதற்கென்று ஒரு விடுதி ஏற்பட்டது. 1871-ல் அது கீழ்ப்பாக்கத்தில் அமைந்தது. 1922-ல் "மனநோய் ஆஸ்பத்திரி" என்று பேர் மாற்றினார்கள். அங்கே பொறுப்பிலிருந்தவர்களில் டாக்டர் சாரதா மேனன் போன்றவர்கள், உள்ளே இருப்பவர்கள் குணமாகி வெளியே போய் வாழவேண்டும் என்பதற்காக ஆயுள் முழுவதும் பாடுபட்டார்கள். ஆனால் சட்டமோ நெடுங்காலம் பூட்டின் பக்கமே நின்றது. 1912-ல் வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தின் நோக்கமே, இவர்களை ஊரிலிருந்து பிரித்து வைப்பதுதான்.

2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் அதைத் தலைகீழாகத் திருப்பிற்று. அதன் 19-வது பிரிவை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். குடும்பம் இல்லை என்பதற்காகவோ, குடும்பத்தார் சேர்த்துக்கொள்ள மறுக்கிறார்கள் என்பதற்காகவோ, வீடு இல்லை என்பதற்காகவோ, வெளியில் தங்க ஏற்பாடு இல்லை என்பதற்காகவோ ஒருவரை மனநல நிலையத்தில் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது என்று அது சொல்லுகிறது. சமுதாயத்தில் வாழ்வது அவருடைய உரிமை. அதற்கான வீடுகளை ஏற்படுத்துவது சர்க்காரின் கடமை. 95-வது பிரிவு, எந்த விதத்திலும் எவரையும் சங்கிலியால் கட்டக்கூடாது என்கிறது.

சட்டம் இருக்கிறது, நடப்பு என்ன? 2019-ல் வெளியான ஒரு தேசிய ஆய்வு, நாடெங்கும் 43 சர்க்கார் மனநல ஆஸ்பத்திரிகளைப் பார்த்தது. அங்கு தங்கியிருந்தவர்களில் நூற்றுக்கு 36 பேர் ஒரு வருஷத்துக்கு மேலாக அங்கேயே இருப்பவர்கள் என்று கண்டார்கள். 4,900-க்கும் அதிகமான மனிதர்கள்!

ஆகையால் இவர்களை வெளியே கொண்டுவரும் திட்டங்கள் வருகின்றன, இன்னும் வரும். வரட்டும். ஆனால் ஒரு திட்டம் நல்லதா, கெட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? "இத்தனை பேரை விடுவித்தோம்" என்று மேடையில் சொன்னால் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா? இதுதான் இன்றைய பேச்சின் சாரம்.

நட்டதை எண்ணுவதா, விளைந்ததை எண்ணுவதா?

நீங்களெல்லாம் நெல் விளைவிக்கிறவர்கள். உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. நாற்றங்காலிலிருந்து நாற்றுப் பிடுங்கி வயலில் நடுகிறீர்கள். நட்ட அன்று சாயங்காலம் கணக்குப்பிள்ளை வந்து, நாற்று முடிகளை எண்ணிவிட்டு, "ஆகா, இந்த வருஷம் அமோக விளைச்சல்!" என்று எழுதிக்கொண்டு போனால் என்ன சொல்வீர்கள்? நட்டது பச்சை பிடித்ததா என்று ஒரு வாரம் கழித்துப் பார்க்க வேண்டாமா? வாய்க்காலில் தண்ணீர் வந்ததா? களை எடுத்தார்களா? பூச்சி விழுந்ததா? கடைசியில் களத்துமேட்டில் எத்தனை கலம் கண்டது? அதல்லவா கணக்கு? நாற்றங்கால் காலியானது விளைச்சலுக்கு அத்தாட்சியாகுமா?

ஆஸ்பத்திரிக் கட்டில் காலியானதும் அப்படித்தான். அது மனிதனைப் பிடுங்கியதற்கு அத்தாட்சி. அவன் வேர் பிடித்ததற்கு அத்தாட்சி அல்ல.

அமெரிக்காவைப் பாருங்கள். 1955-ல் அந்நாட்டு மாகாண மனநோய் ஆஸ்பத்திரிகளில் சுமார் ஐந்தரை லட்சம் பேர் இருந்தார்கள். 1994-ல் சுமார் 72 ஆயிரமாகக் குறைந்துவிட்டது. கட்டிலை எண்ணுகிறவனுக்கு இதைவிடப் பெரிய வெற்றி உலகத்தில் இல்லை. 1963-ல் ஜனாதிபதி கென்னடி, ஊர்தோறும் மனநல மையங்கள் ஏற்படுத்துவதற்கான சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஆனால் கட்டில்கள் காலியான வேகத்தில் மையங்கள் எழும்பவில்லை. ஆஸ்பத்திரியை விட்டவர்களில் நல்ல வாழ்வு கண்டவர்களும் உண்டு. நடைபாதையிலும் ஜெயிலிலும் போய் விழுந்தவர்களும் ஏராளம். நாற்றைப் பிடுங்கிவிட்டார்கள், வயலில் தண்ணீர் கட்டவில்லை.

நம் நாட்டில் நடந்ததையும் சொல்லுகிறேன். குணமானவர்களை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2017 முதல் மாகாண சர்க்கார்களை நெருக்கி வந்தது. மகாராஷ்டிரத்தில் என்ன செய்தார்கள்? ஆஸ்பத்திரியிலிருந்து பலரைப் பிச்சைக்காரர் விடுதிக்கும் முதியோர் விடுதிக்கும் மாற்றினார்கள். 2021 ஜூலையில் கோர்ட்டு அதைக் கண்டித்து, இது சட்டத்தின் நோக்கத்துக்கே விரோதம், உடனே நிறுத்துங்கள் என்றது. காகிதத்தில் பார்த்தால் ஆஸ்பத்திரிக் கணக்கில் அத்தனை பேர் குறைந்தார்கள். மனிதனுக்கு என்ன குறைந்தது? ஒரு கொட்டடி போய் இன்னொரு கொட்டடி வந்தது. பலகையில் பேர் மாத்திரம் வேறு! ஆகவே முதல் பாடம்: எத்தனை பேர் வெளியே போனார்கள் என்று கேட்காதீர்கள், போனவர்கள் எங்கே இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

மரக்கால் யார் கையில்?

இரண்டாவது பாடம் இன்னும் முக்கியமானது. இந்தத் தஞ்சை ஜில்லாவில், களத்தில் நெல் அளக்கிறபோது மரக்கால் யார் கையில் இருந்தது என்பது பெரியவர்களுக்குத் தெரியும். பயிரிட்டவன் கையில் இருந்ததா? மிராசுதாரின் ஆள் கையில் இருந்தது. வெட்டி அளப்பதும் அவன்தான், குவித்து அளப்பதும் அவன்தான். தனக்கு வேண்டும்போது ஒரு அளவு, பிறருக்குக் கொடுக்கும்போது ஒரு அளவு. 1952-ல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வருகிற வரையில் கேட்க நாதியில்லை. அளக்கிறவனும் லாபமடைகிறவனும் ஒருவனேயாயிருந்தால் அந்த அளவை நம்பலாமா?

தென்னாப்பிரிக்காவில் கௌட்டெங் என்று ஒரு மாகாணம். அங்கே லைஃப் எசிடிமெனி என்கிற கம்பெனியின் நிலையங்களில், சர்க்கார் செலவில், மனநோயாளிகள் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் நெடுங்காலமாக இருந்தார்கள். 2015-ல் மாகாண சர்க்கார், "செலவு அதிகம்; இவர்கள் ஊருக்குள் வாழவேண்டும்" என்று சொல்லி ஒப்பந்தத்தை ரத்து செய்தது. காரணம் கேட்பதற்கு எவ்வளவு அழகாயிருக்கிறது பாருங்கள்! 2016-ல் அவசர அவசரமாக எல்லோரையும் அள்ளிச் சிறு சிறு சங்கங்கள் நடத்திய விடுதிகளில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அந்த விடுதிகளுக்குச் சரியான லைசென்சு கிடையாது, போதிய சோறு கிடையாது, மருந்து கிடையாது, குளிருக்குப் போர்வை கிடையாது.

எத்தனை பேர் செத்தார்கள் என்று சட்டசபையில் கேட்டபோது, மாகாண மந்திரி 2016 செப்டம்பரில் 36 என்று சொன்னார். சுகாதாரத் துறையைத் தட்டிக்கேட்க ஏற்பட்ட சுதந்திர அதிகாரி விசாரித்து 2017 பிப்ரவரியில் 94-க்குக் குறையாது என்றார். பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி மொசெனேகே முன்னிலையில் விசாரணை நடந்து 2018-ல் முடிந்தபோது கணக்கு 144. முப்பத்தாறு எங்கே, நூற்று நாற்பத்து நாலு எங்கே! மரக்கால் மந்திரி கையில் இருந்தபோது 36. வேறு கைக்கு மாறியபோது 144. செத்த மனிதன் எண்ணிக்கையிலேயே இப்படியானால், உயிரோடு கஷ்டப்படுகிறவன் கணக்கு என்ன ஆகும்?

இதைச் சொன்னவுடன், "அதனால்தான் ஐயா அவர்களை ஆஸ்பத்திரியிலேயே வைத்திருக்கவேண்டும் என்கிறோம்" என்று சிலர் ஆரம்பிப்பார்கள். அது தவறான முடிவு. நாற்று வாடிற்று என்றால் நடவே கூடாது என்று எந்தக் குடியானவனாவது சொல்வானா? தண்ணீர் கட்டாமல் நட்டவனைப் பிடித்துக் கேட்பானே தவிர, நாற்றங்காலிலேயே நெல் விளையட்டும் என்று சொல்லமாட்டான். ஊருக்குள் வாழவைத்தது அந்த 144 பேரைக் கொல்லவில்லை. ஊருக்குள் வாழவைக்கிறோம் என்று சொல்லிவிட்டு அதற்கானதைச் செய்யாததுதான் கொன்றது.

ஒழுங்காக எண்ணியவர்கள்

ஒழுங்காகச் செய்து ஒழுங்காக எண்ணியவர்களும் உண்டு. லண்டனைச் சேர்ந்த ஃபிரையர்ன், கிளேபரி என்ற இரண்டு பழைய பெரிய மனநோய் ஆஸ்பத்திரிகளை மூடுவதென்று தீர்மானித்தார்கள். 1985-ல் ஜூலியன் லெஃப் என்கிற மருத்துவர் தலைமையில், இதைக் கணக்கெடுப்பதற்கென்றே ஒரு குழு ஏற்பட்டது. நெடுங்காலம் உள்ளே கிடந்து வெளியே போன 670 பேரை, ஒவ்வொருவராக, ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள்.

அவர்கள் கண்டதை நன்றாகக் கவனியுங்கள். ஐந்து வருஷ முடிவில் உயிரோடிருந்தவர்கள் 523 பேர். அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஊருக்குள்ளேயே வாழ்ந்துகொண்டிருந்தார்கள்; பெரும்பாலோர் முதலில் குடிவைத்த வீட்டிலேயே இருந்தார்கள். மூன்றில் ஒரு பங்கினர் நடுவில் ஒரு தடவையாவது ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போக நேர்ந்தது. நோயின் அறிகுறிகளில் பெரிய மாறுதல் இல்லை. ஆனால் சமைப்பது, கடைக்குப் போவது போன்ற காரியங்களைக் கற்றுக்கொண்டார்கள். புதிய சிநேகிதர்கள் கிடைத்தார்கள். மனதிலுள்ளதைச் சொல்லிக்கொள்ள ஒரு ஆள் கிடைத்தான்.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் தெரிகின்றன. ஒன்று, நோயை மாத்திரம் அளந்திருந்தால் "ஒரு பிரயோஜனமும் இல்லை" என்று எழுதிக் கட்டிவைத்திருப்பார்கள். வாழ்வையும் அளந்ததால்தான் உண்மை வெளிப்பட்டது. நோய் இருக்கும்போதே ஒரு மனிதன் மனிதனாக வாழமுடியும். நமக்கெல்லாம் மூட்டு வலி தீர்ந்தபிறகுதான் வீட்டில் இருக்க அனுமதி என்று யாராவது சட்டம் போட்டார்களா?

இரண்டு, ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை திரும்பிப் போவது தோல்வியல்ல. ஆஸ்துமாக்காரன் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் படுத்தெழுந்து வந்தால், இனி வீட்டில் இருக்க அருகதையற்றவன் என்று சொல்லுகிறோமா? போனவன் திரும்பி வர அவன் அறையும் பாயும் காத்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மூன்று, முதலில் வெளியே போனவர்கள் கொஞ்சம் தெளிவாயிருந்தவர்கள். கடைசியில் போனவர்கள் அதிக உதவி தேவைப்பட்டவர்கள். அவர்களுக்குச் செலவும் அதிகமாயிற்று. ஆகையால் எந்தத் திட்டக்காரராவது, "நாங்கள் கொண்டுவந்த எல்லோரும் பிரமாதமாக இருக்கிறார்கள், செலவும் சொற்பம்" என்று சொன்னால், "உள்ளே யாரை விட்டுவிட்டு வந்தீர்கள்?" என்று கேளுங்கள். வாட்டசாட்டமான நாற்றை மாத்திரம் பொறுக்கி நட்டுவிட்டு மகசூலைப் பற்றிப் பெருமை பேசுவது யாராலும் முடியும்.

நமது நாட்டில் முடியுமா?

"அது வெள்ளைக்காரன் நாடு, பணம் இருக்கிறது" என்பீர்கள். நம் சென்னையிலேயே நடந்திருக்கிறது. 1993-ல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்கிற இரு பெண்கள், தெருவில் திரிந்த மனநோயுள்ள பெண்களுக்காக 'தி பேன்யன்' என்ற அமைப்பை ஆரம்பித்தார்கள். பலரைக் குணப்படுத்திக் குடும்பத்தோடு சேர்த்தார்கள். ஆனால் குடும்பமே இல்லாதவர்கள், குடும்பம் ஏற்காதவர்கள், அங்கேயே தங்கிவிட்டார்கள். 2015 முதல் இவர்களுக்காக ஒரு ஏற்பாடு செய்தார்கள். சாதாரணத் தெருவில் சாதாரண வீட்டை வாடகைக்கு எடுத்து, நாலைந்து பேர் சேர்ந்து குடித்தனம் நடத்துவது. யார் யாரோடு தங்குவது என்பதை அவர்களே பேசி முடிவு செய்வது. கூட ஒரு உதவியாளர். இன்று மீன் குழம்பா, ரசமா என்பதும் அவர்கள் முடிவுதான். இந்த ஏற்பாடு கேரளம், மகாராஷ்டிரம் முதலிய இடங்களுக்கும் போயிற்று. 2021-ல் உலக சுகாதார நிறுவனம், உலகத்துக்கே எடுத்துக்காட்டான ஏற்பாடுகளில் ஒன்றாக இதைக் குறிப்பிட்டது.

கவனியுங்கள்: இதற்கு மந்திரம் வேண்டியிருக்கவில்லை; அரண்மனையும் வேண்டியிருக்கவில்லை. ஒரு வாடகை வீடும், அடுப்பும், ஒத்தாசைக்கு ஒரு ஆளும், கதவைத் தட்டினால் திறக்கிற அண்டை வீடும் வேண்டியிருந்தன.

நீங்கள் கேட்கவேண்டிய கேள்விகள்

நாளைக்கு இந்தப் பக்கத்தில் ஒரு திட்டம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரி வருவார், படம் எடுப்பார்கள், அறிக்கை வரும். நீங்கள் என்ன கேட்பீர்கள்?

அந்த வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது? வெளியே போய்வர யாரையாவது கேட்க வேண்டுமா? கதவு உள்ளே தாழ்போடுவதா, வெளியே பூட்டுவதா? இதிலேயே பாதி தெரிந்துவிடும். வெளியே பூட்டுப் போட்ட வீடு தெருவில் இருந்தாலும் ஜெயில்தான்.

அவர் கையில் காசு இருக்கிறதா? உதவித் தொகை வந்தால் அவர் கைக்குப் போகிறதா, வேறு யார் கைக்காவது போகிறதா? வேலை செய்தால் மற்றவர்களுக்குக் கொடுக்கிற கூலியைக் கொடுக்கிறார்களா, "சோறு போடுகிறோமே, போதாதா?" என்கிறார்களா? பண்ணையாள் முறையை ஒரு வாசல் வழியாகத் துரத்திவிட்டு இன்னொரு வாசல் வழியாக விடக்கூடாது.

ரேஷன் கார்டில் பேர் இருக்கிறதா? ஓட்டு இருக்கிறதா? 2019 தேர்தலில் கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரிக்கு உள்ளேயே ஓட்டுச்சாவடி வைத்து, அங்கிருந்தவர்கள் ஓட்டுப் போட்டார்கள். ஆஸ்பத்திரிக்குள் இருந்தவர்க்கே ஓட்டு உண்டென்றால், தெருவுக்கு வந்தவர்க்கு இல்லாமற் போகலாமா?

மாத்திரை மாதாமாதம் கிடைக்கிறதா? எத்தனை பஸ் மாறிப் போய் வாங்கவேண்டும்? போன மாதம் அவரைப் பார்க்க, சம்பளம் வாங்காத யாராவது ஒருவர் வந்தாரா? கலியாணம் காட்சிக்கு யாராவது அழைத்தார்களா?

ஒரு வருஷம் கழித்து, மூன்று வருஷம் கழித்து, ஐந்து வருஷம் கழித்து யார் கணக்கெடுக்கப் போகிறார்கள்? காணாமற்போனவரையும் செத்தவரையும் கணக்கில் சேர்ப்பார்களா, பேரை அடித்துவிடுவார்களா? உள்ளேயே இருக்கிறவர்களோடு இவர்களை ஒப்பிட்டுப் பார்ப்பார்களா? எடுக்கிறவர் திட்டத்தில் சம்பளம் வாங்குகிறவரா, வேறு ஆளா?

எல்லாவற்றுக்கும் மேலாக, சம்பந்தப்பட்டவரையே கேட்டார்களா? "அவருக்கு என்ன தெரியும்?" என்பார்கள். தாழ்த்தப்பட்டவனைப் பற்றி உயர்ந்த ஜாதிக்காரன் சொன்னதும் இதுதான். பெண்களைப் பற்றி ஆண்கள் சொன்னதும் இதுதான். செருப்பு எங்கே கடிக்கிறது என்பது போட்டிருக்கிறவனுக்குத்தான் தெரியும்.

தாய்மார்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. "குடும்பத்தோடு சேர்த்துவிட்டோம்" என்பதை அறிக்கையில் பெரிய வெற்றியாக எழுதுகிறார்கள். குடும்பம் என்றால் யார்? சேர்ந்த மனிதரைக் குளிப்பாட்டுவதும், மாத்திரை கொடுப்பதும், ராத்திரி விழித்திருப்பதும் தாயோ, மனைவியோ, அக்காளோதான். ஆண்கள் திண்ணையில் உட்கார்ந்து "எல்லாம் நல்லபடி இருக்கிறது" என்று கையெழுத்துப் போடுவார்கள்! ஆகையால் வீட்டுக்கு அனுப்பியதை வெற்றி என்று எழுதுமுன், அந்த வீட்டுப் பெண்ணைத் தனியாகக் கேளுங்கள். அவள் தலையில் முழுப் பாரத்தையும் ஏற்றி மிச்சம் பிடிப்பது சிக்கனமல்ல, சுரண்டல். நோயுற்றது பெண்ணேயானால் இன்னும் மோசம். நோயுற்ற ஆணுக்குப் பெண்டாட்டி காவலிருப்பாள். நோயுற்ற பெண்டாட்டியை ஆஸ்பத்திரி வாசலில் விட்டுவிட்டு மறு கலியாணம் செய்துகொள்கிறார்கள். அவளுக்குப் பிறந்த வீட்டில் பாத்தியதை இல்லையா? அவள் பங்கு நிலம் யார் அனுபவத்தில் இருக்கிறது என்று கேட்டால், அவளை ஏன் வீட்டில் சேர்க்க மறுக்கிறார்கள் என்பது சில இடங்களில் விளங்கிவிடும்.

தெருவுக்கு ஒரு பரீட்சை

கடைசியாக நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. இந்த ஊரில் நாலு பேருக்கு ஒரு வீடு வாடகைக்கு வேண்டும் என்று வந்தால் கொடுப்பீர்களா? "பயமாயிருக்கிறது" என்பீர்கள். மனநோயுள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் அடிக்கிறவர்களல்ல, அடிபடுகிறவர்கள்தான் அவர்கள். சனிக்கிழமை ராத்திரி சாராயம் குடித்துவிட்டு வருகிறவனுக்குப் பயப்படாமல் பக்கத்துவீட்டில் குடியிருக்கிறோம். வாய் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவளுக்குப் பயப்படுகிறோம். "வாடகை கொடுக்கிறோம், ஆனால் என்ன ஜாதி?" என்று கேட்கிற புத்தியும் சேர்ந்துகொண்டால் கேட்கவேண்டியதில்லை.

ஊருக்கு வெளியே ஒரு கூட்டத்தை வைத்து, அவர்கள் அங்கேயே இருக்கத்தான் லாயக்கு என்று சொல்லிப் பழகிய நாடு இது. சேரியை வெளியே வைத்தோம். தொழுநோயாளியை வெளியே வைத்தோம். மனநோயாளியையும் வெளியே வைத்தோம். எல்லாவற்றுக்கும் சாஸ்திரமோ, சுத்தமோ, பத்திரமோ ஒரு காரணம் சொன்னோம். காரணங்கள் வேறு வேறு, வேலி ஒன்றேதான்.

ஆகவே தோழர்களே! கோயிலிலும் தர்காவிலும் கட்டிப்போட்டு வைப்பதை நாம் எதிர்ப்பது சரி; அதை இன்னும் பலமாக எதிர்க்கவேண்டும். ஆனால் "கட்டை அவிழ்" என்று சொல்லிவிட்டால் நம் கடமை தீர்ந்துவிடவில்லை. அவிழ்த்துவிட்ட மனிதனுக்கு வீடு எங்கே என்று சர்க்காரைக் கேளுங்கள். கணக்கைக் காட்டு என்று கேளுங்கள். காட்டிய கணக்கை யார் அளந்தது என்றும் கேளுங்கள். அதோடு, உங்கள் தெருவில் ஒரு வீடு காலியாயிருந்தால் அதைத் திறந்துவிடுங்கள். வேலைக்கு வந்தால் சரியான கூலி கொடுங்கள். டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார இடம் விடுங்கள்.

யாருடைய பிள்ளைக்கு எப்போது வரும் என்று சொல்லமுடியாத நோய் இது. வந்தால் உங்கள் பிள்ளையை எப்படி நடத்தவேண்டும் என்று நினைப்பீர்களோ, அதையே அளவாக வைத்துக்கொண்டு நான் சொன்னதை எடை போட்டுப் பாருங்கள். சரியென்று பட்டால் செய்யுங்கள். தவறென்று பட்டால் எங்கே தவறு என்று எழுந்து கேளுங்கள். பதில் சொல்லக் காத்திருக்கிறேன்.